ஆற்று வரிசையில் நின்ற மழை

"நீதான் போன் பண்ணினே! மரியாதையா ஒத்துக்கோ!"

"பண்ணாததை எப்படி சார் ஒத்துக்கறது?"

"கீழ்த்தெருவுல பாதி வீட்டுக்குப் போன் போயிருக்கு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணு, இல்லேன்னா பொணமாயிடுவேன்னு! வாயில துணியை வச்சுக்கிட்டுப் பேசியிருக்கே!"

"வாயில துணி வச்சா அது நான்தானா? இந்த ஆபீஸ்ல என்கிட்ட மட்டும்தான் துணி இருக்கா?"

கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த தூண்டில் மேடம் உள்ளே போக அவசரப்படவில்லை. சண்டையின் நடுவில் தலையை நீட்டினால் இரண்டு பேரும் பல்லைக் காட்டி "வாங்க வாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் ஒரு உண்மையும் வராது என்பது அவருடைய முப்பது வருடத் துப்பறியும் அனுபவம். ஒரு கேள்வியைத் தொங்கவிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி காத்திருக்கும் வழக்கத்தால் வந்த பட்டப்பெயர்தான் 'தூண்டில்'. அவருக்குப் பின்னால் பம்பரம், அவருடைய உதவியாளன். முப்பத்தைந்து வயதாகியும் ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தெரியாதவன். பயம் வந்தால் அவனுக்கு வாய் நீண்டுவிடும். இன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. மர்மப் போன் முதலில் போன வீடு அவனுடைய சொந்த அக்கா வீடு.

"மேடம், வந்துட்டீங்களா! உங்களுக்கு வேலையே வைக்கல. இவதான். கையும் களவுமா..." என்றார் அந்த ஆபீஸின் இயக்குநர், எதிரே நின்ற இளம்பெண்ணைக் காட்டி. மீசைக்குப் போட்டிருந்த மை தூறலில் லேசாகக் கரைந்து உதட்டோரம் வந்திருந்தது. சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

"கை இருக்கு, களவைக் காணோமே சார்" என்றான் பம்பரம்.

அந்தக் கட்டிடம் ஒரு காலநிலைத் தரவு நிலையம். எத்தனையோ வருடத்து மழை, வெயில், காற்று, ஆற்று நீர் எல்லாம் அங்கே கணினிக்குள் கிடந்தன. அதை மனிதக் கண்ணால் தேடினால் ஆயுசு போதாது. அதனால் ஒரு செயற்கை அறிவை வேலைக்கு வைத்திருந்தார்கள். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் அதைச் 'சமத்து' என்றுதான் சொன்னார்கள். சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது, குரலை உயர்த்தாது. கட்டிய மனைவியிடம் இல்லாத குணமெல்லாம் அதனிடம் இருக்கிறது என்று இயக்குநர் ஒரு விழாவில் பேசியதாகவும், அன்றிரவு அவர் வீட்டில் விளக்கு வெகுநேரம் அணையவில்லை என்றும் கேள்வி.

சமத்துவுக்கு ஊரைப் பார்க்கக் கண் கிடையாது. அதன் கையில் சில கருவிகள் உண்டு. ஒன்று மழை அளவைத் தரும். ஒன்று வீட்டு வாசல் எவ்வளவு உயரம் என்று சொல்லும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு மூன்று வரியில் ஒரு விளக்கம் ஒட்டியிருக்கும்: இது என்ன தரும், எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்கக்கூடாது. அந்த வரிகளைப் படித்துத்தான் சமத்து எந்தக் கருவியை எடுப்பது, வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்யும். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் அதன் உலகத்தில் அது இல்லை. அந்த வரிகளை எழுதுவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. ஆபீஸில் அவளை விளக்கக்காரி என்பார்கள். பேச்சிலும் அவள் அப்படித்தான். மணி என்ன என்று கேட்டால் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

"இவ மேல ஏன் சந்தேகம்?" என்றார் மேடம்.

"போன் வந்ததெல்லாம் தாழ்வான வீடுங்க. வாசல் உயரக் கணக்கு இந்த ஆபீஸ்ல இருக்கு. அந்தக் கருவிக்கு விளக்கம் எழுதினவ இவ. காலையில போனோட வெளிய வேற போனா."

"எங்கம்மாகிட்ட பேசினேன் சார்! மாப்பிள்ளை பாத்த விஷயம். அதையும் எழுதி ஒட்டணுமா?"

அப்போது சுவரிலிருந்த ஒலிபெருக்கி வாய் திறந்தது. பால் போல அமைதியான குரல்.

"மூன்றாம் நிலையத்திலும் மழை நின்றுவிட்டது. ஆற்றில் அபாயம் இல்லை. அச்சப்படத் தேவையில்லை."

இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டீங்களா? சமத்துவே சொல்லுது. இந்த நேரத்துல ஜனங்களைக் கிளப்பிவிட்டா என்ன அர்த்தம்? போன வருஷம் தெரியாத்தனமா சைரன் அடிச்சு, ஊரே மூட்டை கட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடி, அங்க போனா சுள்ளுனு வெயில். என்னைப் பாத்துச் சிரிக்காத ஆள் இல்ல. அதான் இப்ப சைரனையே பூட்டிட்டேன். சமத்து அபாயம்னு சொன்னாத்தான் அது கூவும். என்னால கூட அடிக்க முடியாது."

மேடம் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். "சமத்து, மழை எங்கெங்க எப்படி நின்னுது?"

"ஆறு தொடங்கும் மலையிலிருந்து ஊர்ப் பாலம் வரை ஐந்து நிலையங்கள். முதல் நிலையத்தில் காலையில் நின்றது. அதன் பின் இரண்டாம் நிலையத்தில். இப்போது மூன்றாம் நிலையத்தில். நான்காம் நிலையத்தில் பலத்த மழை, பாலத்தில் தூறல். போக்கைப் பார்த்தால் அங்கும் நின்றுவிடும்."

மேடம் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் பேசினார்.

"பம்பரம், மழைக்கு வரிசைல நிக்கத் தெரியுமா?"

"நம்ம ஊர்ல மனுஷனுக்கே தெரியாது மேடம்" என்றான். சிரிப்பு வரவில்லை.

கீழ்த்தெரு ஆற்றை ஒட்டிய சரிவில் இருந்தது. மலை இருக்கிற திசையில் மலையைக் காணோம், அழுக்குத் துணியைத் தொங்கவிட்டது போல மேகம். ஊருக்குள் வெறும் தூறல்தான். ஆறு மட்டும் குரலை மாற்றிக்கொண்டிருந்தது. சலசலவென்று பேசுகிற ஆறு இப்போது வாயை மூடிக்கொண்டு உறுமியது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். வாசலுக்கு ஒரே ஒரு படி. மாமா உள்ளே ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு நிதானமாக ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கிளம்புங்க. மேட்டுல என் ரூம் காலியாத்தான் இருக்கு."

"யாரோ ஒரு கழுதை போன் பண்ணிச்சுன்னு கடையைப் பூட்டிட்டு ஓடச் சொல்றியா? போன வருஷம் ஓடினது போதும்டா. இந்த ரேடியோவை நாளைக்குக் குடுக்கணும்."

"அக்கா, நீயாவது வா."

"இவரை விட்டுட்டா?" என்றாள் அக்கா. "எனக்கென்னமோ காலையிலேருந்து பயமா இருக்குடா. சொன்னா தெருவே சிரிக்குது."

மேடம் குறுக்கிட்டார். "அந்தப் போன்ல என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லும்மா."

"வீட்டைக் காலி பண்ணுங்க, பொழுது சாயறதுக்குள்ள போயிடுங்க, இருந்தா செத்துப்போவீங்க. அவ்வளவுதான். எங்க போறதுன்னு நான் கேக்கறதுக்குள்ள வச்சுட்டாங்க. பாவம், அவங்க குரல் என்னைவிட நடுங்குச்சு."

எதிர்ச்சாரியில் மூலைவீட்டம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் வீட்டுக்கு வரிசையாக உயரப் படிகள். ஏறி இறங்கும்போதெல்லாம் முட்டியைத் திட்டுவாள், அதற்காக யாராவது தன்னை மேட்டுக்குடி என்று சொல்லாமல் போனால் அதற்கும் திட்டுவாள்.

"எனக்கு மட்டும் ஏன் போன் வரல? இந்தத் தெருவுல நான் மனுஷியா இல்லையா? எல்லாரையும் சாகக் கூப்பிடுவாங்களாம், என்னை மட்டும் விட்டுடுவாங்களாம்!"

"உங்களைக் கூப்பிட அங்கயே பயப்படறாங்க போல" என்றான் பம்பரம்.

மேடத்தின் கண் மூலைவீட்டுப் படிகளில் நின்றது. அக்கா வீட்டு ஒற்றைப் படிக்கு வந்தது. பிறகு கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது.

"நான்காம் நிலையத்திலும் மழை நின்றுவிட்டது. அச்சப்படத் தேவையில்லை."

தெருவில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மாமா உள்ளேயிருந்து, "கேட்டுக்கோ!" என்றார்.

பம்பரம் ஆற்றின் பக்கம் திரும்பினான். தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தது. ஒரு முழு மரம் மிதந்து போனது. இலையெல்லாம் இன்னும் பச்சை. அதன் வேருக்குள் சிக்கி மஞ்சளாக எதுவோ முழுகி முழுகி எழுந்தது. கரைப்பக்கம் ஒதுங்கியபோது ஒரு கொம்பை நீட்டி இழுத்தான். வாய் அகன்ற பிளாஸ்டிக் குடுவை. பக்கத்தில் கறுப்பு வண்ணத்தில் பெரிதாக '2' என்று எழுதியிருந்தது.

"யாரோட பாத்திரமோ" என்றான். மேடம் குனிந்து அந்த எண்ணை விரலால் தடவினார். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த முகம் வெளுத்து அவன் பார்த்ததே இல்லை. ஒரு கொலைகாரன் கத்தியோடு எதிரே நின்றபோதுகூட "பிடி துருப்பிடிச்சிருக்கே" என்று கேட்டவர் அவர்.

"தரவுக்காரர் வீடு எங்க?" என்றார்.

தரவுக்காரர் என்பவர் நிலையத்தில் அட்டவணைகளைச் சரிபார்த்து வைப்பவர். யார் வணக்கம் சொன்னாலும் தனக்குப் பின்னால் நிற்பவருக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கும் ரகம். வயிற்றுவலி என்று காலையிலேயே லீவு சொல்லியிருந்தார்.

"அவர் எதுக்கு மேடம்? விளக்கக்காரியைத்தானே..."

"அவ இல்லப்பா. அவ போன் பண்ணியிருந்தா எந்தப் பக்கம் போகணும், எதை எடுத்துக்கணும், எப்ப திரும்பி வரலாம், எப்ப வரக்கூடாதுன்னு எல்லாம் சொல்லியிருப்பா. உங்கக்கா எங்க போறதுன்னு கேக்கவே வேண்டியிருக்காது. இது, விஷயம் தெரிஞ்ச, ஆனா விளக்கிச் சொல்லிப் பழக்கமே இல்லாத ஆளோட போன். வாசல் உயரம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். விளக்கம் எழுதினவ ஒருத்தி. அட்டவணையில ஏத்தினவர் ஒருத்தர்."

தரவுக்காரரின் மாடி அறை திறந்தே கிடந்தது. கட்டில்மேல் கட்டிய பெட்டி. அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். போகவும் தைரியமில்லை, இருக்கவும் தைரியமில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

மேடம் உள்ளே நுழைந்தார். பம்பரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் மஞ்சள் குடுவையை மேஜைமேல் வைத்தான். '2' முன்பக்கமாக.

தரவுக்காரர் அதைப் பார்த்தார். "ஐயோ" என்றார் மெல்ல. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"இது ரெண்டாம் நிலையத்து மழைமானி. ஆத்தங்கரையில இடுப்பு உசரத் தூணுல இருக்கும்."

"சமத்து அங்க மழை நின்னுடுச்சுன்னு சொல்லுதே" என்றான் பம்பரம்.

"மழை நிக்கல தம்பி. மழைமானிதான் நிக்கல. அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

பம்பரம் விரல்விட்டு எண்ணினான். முதல் நிலையம், இரண்டாம் நிலையம், மூன்று, நான்கு. ஒலிபெருக்கி சொன்ன ஒவ்வொரு நல்ல செய்தியும் மலையிலிருந்து ஊரை நோக்கி வெள்ளம் எடுத்துவைத்த ஓர் அடி. தெரு அதற்குக் கைதட்டியிருக்கிறது.

"நிலையம் செத்துப்போனா அட்டவணையில காலியாத்தானே இருக்கணும்?" என்றார் மேடம்.

"இருக்கணும். யாரோ பார்வையிட வந்தப்போ இயக்குநர் சத்தம் போட்டார். அட்டவணையில ஏன்யா இத்தனை ஓட்டை, பாக்கவே அசிங்கமா இருக்குன்னு. அதுலேருந்து காலி வந்தா பூஜ்ஜியம் போட்டு நிரப்பற மாதிரி பண்ணிட்டேன். முன்னெல்லாம் மழைக்காலத்துல பூஜ்ஜியம் வந்தா நானே மேல நிலையத்துக் காவக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேப்பேன். எனக்குத் தெரியுமே எது நிஜப் பூஜ்ஜியம், எது நான் போட்டதுன்னு. சமத்து வந்ததும் நீ கேக்க வேண்டாம், அது பாத்துக்கும்னுட்டாங்க."

"விளக்கக்காரிகிட்ட சொன்னீங்களா?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. டேபிள்ல காலி இடம் ஏதாவது வருமா, வந்தா என்ன அர்த்தம்னு எழுதணும்னு. நான், நம்ம டேபிள்ல ஒரு ஓட்டை கூட இல்லம்மான்னேன்." மூக்கை உறிஞ்சினார். "இன்னைக்குக் காலையில மேல போன் போட்டேன். ஒருத்தரும் எடுக்கல. இயக்குநர்கிட்ட சொன்னா, பூஜ்ஜியம் யார் போட்டதுன்னு வரும். ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னு பயம். அதான்... வாயில துணியை வச்சுக்கிட்டு..."

"துணி இருந்த வாயில நாலு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாமே ஐயா!" என்று கத்தினான் பம்பரம். அதற்குள் கை போனில் அக்காவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. அக்கா எடுத்தாள். பின்னால் மாமாவின் ரேடியோ ஏதோ கரகரத்தது.

"அக்கா, கிளம்பு. இப்பவே. வெள்ளம் வருது!"

"சமத்து இல்லேங்குதாமேடா. மாமா சொல்றார், உன் தம்பிக்கு..."

லைன் அறுந்தது. அவன் படியை நோக்கிப் பாய்ந்தான். மேடம் அவன் சட்டையைப் பிடித்தார்.

"நீ அங்க ஓடினா உங்கக்கா ஒருத்தி வருவா. அதுவும் சந்தேகம். சைரன் அடிச்சா தெருவே வரும், உங்க மாமா உள்பட. ஆபீஸுக்கு ஓடு."

அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் அதுதான் ரொம்பக் கஷ்டமானது. கீழே போகிற சாலையைப் பார்த்தான். மேலே ஏறினான்.

தரவுக்காரரை இருவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்தபோது இயக்குநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "சைரனை அடிங்க" என்றார் மேடம்.

"முடியாதே! பூட்டைத் திறக்க மேலிடத்துலேருந்து ஆள் வரணும். சமத்து சொன்னாத்தான்... சமத்து! வெள்ளம் வருதுய்யா! சொல்லுய்யா!"

"ஆற்றில் அபாயம் இல்லை. நான்கு நிலையங்களில் மழை அளவு பூஜ்ஜியம்" என்றது சமத்து, அதே பால் குரலில்.

விளக்கக்காரி யாரையும் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் மழைக் கருவியின் விளக்கம் வந்தது. அவளே எழுதியது: 'நிலையத்தின் எண்ணைக் கொடுத்தால் மழை அளவைத் தரும். வெள்ள அபாயம் பற்றிக் கேட்டால் முதலில் இதைக் கேள். எல்லா நிலையங்களுக்கும் முழுமையான அளவுகள் உண்டு.'

கடைசி வரியை அவள் வாய்விட்டுப் படித்தாள். அதை அழித்தாள். 'பூஜ்ஜியம் வந்தால் மழை இல்லை என்று முடிவு செய்யாதே' என்று தட்டினாள்.

"இப்ப கேளுங்க."

"சமத்து, அபாயம் உண்டா?"

"நான்கு நிலையங்களில் மழை உண்டா இல்லையா என்று முடிவு செய்ய இயலவில்லை. எனவே அபாயம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை."

சைரன் கூவவில்லை. இயக்குநர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கக்காரியின் விரல்கள் விசைப்பலகைமேல் ஒன்றுக்குப் பதில் வேறொன்றைத் தட்டின.

"வரலயே... எனக்கு வாக்கியமே வரலயே..."

"எழுதாதேம்மா" என்றார் மேடம். "சொல்லு. நாளைக்கு இந்த நாற்காலிக்கு ஊருக்குப் புதுசா ஒரு ஆள் வருது. நல்ல ஆள். ஆனா ஒண்ணும் தெரியாது. நீ லீவுல போறே. அதுகிட்ட என்ன சொல்லிட்டுப் போவே? பம்பரம், நீ தட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இங்க பாரு... பூஜ்ஜியம் ரெண்டு விதம். மழை இல்லேன்னாலும் பூஜ்ஜியம், நிலையம் செத்தாலும் பூஜ்ஜியம். இந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால மழைக்காலத்துல பூஜ்ஜியம் வந்தா, அந்த நிலையம் கடைசியா எப்ப பேசுச்சுன்னு இன்னொரு கருவிகிட்ட கேளு."

"அப்படி ஒரு கருவி இருக்கா?" என்றான் பம்பரம், தட்டிக்கொண்டே.

"இருக்கு. 'பராமரிப்புக்கு'ன்னு ஒரே வார்த்தைதான் அதுக்கு விளக்கம் போட்டிருந்தேன். அதான் சமத்து அதைத் தொட்டதே இல்ல." கண்ணோரம் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "பேசாம இருந்தா மழை நின்னுடுச்சுன்னு சொல்லாதே. நிலையம் பேசலன்னு சொல்லு. மேலேருந்து கீழ, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வாயடைச்சுப் போச்சுன்னா, அது வெள்ளம். மறுபடி உறுதி பண்றேன்னு காத்திருக்காதே. உடனே அபாயம்னு சொல்லு."

பம்பரம் அவள் பேசியதைப் பேசியபடியே தட்டினான். எழுத்துப்பிழை இருந்தது. திருத்த யாருக்கும் நேரமில்லை. அந்த நேரம் சுவரிலிருந்து குரல் வந்தது.

"ஐந்தாம் நிலையத்தில்..."

ஐந்தாம் நிலையம் ஊர்ப் பாலம். அங்கிருந்து கீழ்த்தெருவுக்குக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். பம்பரம் சேமிக்கும் விசையை அடித்தான்.

குரல் பாதியில் நின்றது. அந்த மௌனத்தில் விளக்கக்காரி அவன் தோளை இறுகப் பிடித்திருந்தாள். அவன் அதை அப்போது உணரவில்லை, மறுநாள் நகம் பதிந்த இடம் வலித்தபோதுதான் தெரிந்தது.

"ஐந்தாம் நிலையம் பேசவில்லை" என்றது சமத்து. "நான்காம் நிலையம் பேசவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று பேசவில்லை. மேலிருந்து கீழாக வரிசையாக வாயடைத்துள்ளன. வெள்ளம் வருகிறது. அபாயம். கீழ்த்தெருவில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும்."

சைரன் கூவியது.

அந்தச் சத்தத்தில் மாடி சன்னல்கள் அதிர்ந்தன. பம்பரம் சன்னலுக்கு ஓடினான். கீழ்த்தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள், குழந்தைகள், யாரோ ஒருவர் முதுகில் யாரோ ஒரு கிழவர். மூலைவீட்டம்மா முட்டியைத் திட்டாமல் படியிறங்கியதை ஊர் அன்றுதான் பார்த்தது. அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்தபடியே இருந்தது, யாரும் வரவில்லை. அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வா, வா, வா" என்று வாய்க்குள் சொன்னான். வாழ்நாளில் முதல்தடவையாக அவனுக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

அக்கா வந்தாள். மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்து, ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு வந்தாள். மாமாவின் கையில் அந்த ரேடியோ. நடுத்தெருவில் அவள் அதைப் பிடுங்கி வீசினாள். இருவரும் மேட்டுச் சாலையில் கால்வைத்ததும், பாலத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆயிரம் லாரி ஒன்றாக மண்ணைக் கொட்டியது போல. பிறகு கீழ்த்தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. பிறகு சில கூரைகள் தெரியவில்லை.

மேட்டில் ஆட்களை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

மேலே, மலையில், அப்படி இல்லை. இரண்டாம் நிலையத்துக் காவல்காரரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அதைக் கேட்ட அன்று தரவுக்காரர் ஆபீஸுக்கு வந்து, தான் போட்ட பூஜ்ஜியங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி காலி இடங்களாக்கினார். முடிக்கிற வரை வீட்டுக்குப் போகவில்லை. அவரை யாரும் ஜெயிலில் போடவில்லை. ஆனால் அவரே ஊரைவிட்டுப் போய்விட்டார். இப்போது ஏதோ ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறாராம். விதவையான ஓர் ஆசிரியையைக் கட்டிக்கொண்டதாகவும், அந்தம்மா வாயாடி என்றும், அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறதென்றும் பேச்சு.

இயக்குநரை மழையே பெய்யாத ஓர் ஊருக்கு மாற்றினார்கள். மனைவி கூடப் போகவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள், கேட்பவர்களிடம் அந்த ஊர் வெயில் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறாள். அக்காவும் மாமாவும் மேட்டில் வாடகைக்குப் போனார்கள். தெருவிலேயே முதலில் கிளம்பியது தான்தான் என்று மாமா சொல்லித் திரிகிறார். அக்கா மறுப்பதில்லை, காலரை மட்டும் பார்ப்பாள்.

விளக்கக்காரிக்கு அம்மா பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று போய்விட்டது. அவள் பம்பரத்தைக் கட்டிக்கொண்டாள். தூண்டில் மேடம் கல்யாணத்துக்கு வந்து, ஒரு நல்ல உதவியாளனைப் பறிகொடுத்த எரிச்சலை மறைக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுத் தம்பதி வேறு வேலை தேடிக்கொண்டு, ஆறே இல்லாத ஒரு பெருநகரத்தில் மூன்றாவது மாடியில் குடியேறினார்கள். அங்கே முதல் மழை பெய்த அன்று பம்பரம் சத்தமில்லாமல் எழுந்துபோய், மாடிப்படியில் கீழே வரை இறங்கி, தண்ணீர் ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஈரக்காலோடு திரும்பினான். அவள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவளுடைய பாதமும் ஈரமாக இருந்தது.